முதலில் எதை எடுக்க?

கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்கள் பெரும்பாலும் அதைப் பழைய போர்வையில் சுற்றித்தான் அக்கா வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். முன்னால் ஒருவர் மொபெட்டை ஓட்ட, பின்னால் ஒருவர் அதை மடியில் வைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுபோல அணைத்துப் பிடித்திருப்பார். அக்கா போர்வையைப் பிரிக்கமாட்டார். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை சும்மா இருப்பார். அப்புறம்தான் கேட்பார்.

"இதுக்குள்ள இருக்கதுல எதை மொதல்ல எடுக்க?"

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் எடுப்போம். மொதல்ல எதை எடுக்க?"

அதற்குப் பதில் வரும்வரை அவர் கை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாது.

அது தொண்ணூறுகளின் கடைசி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பந்தல்குடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அக்கா வீடு. கூடப் பிறந்தவர் இல்லை; எனக்குப் பத்து வயது மூத்தவர். பரளச்சிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். எண்பதுகளில் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்தார். பிறகு டி.வி. 'ஒரு பொம்பள டி.வி.யைக் கழத்துறா' என்று பார்க்க வந்தவர்களே பாதிப் பேர் இருந்தார்களாம். ஏதோ ஒரு மில்லில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு மாதம் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்து, தானே கற்றுக்கொண்டார். நான் பழகிய காலத்தில் ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'டி.வி.க்காரம்மா' என்பார்கள். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரைச் செருகியிருப்பார். தெருவில் கீரைக்காரியிடம் பேரம் பேசும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எடுத்த ஃபைலைத் திறந்து பார்க்கும் நேரம் வந்தால், திரையை உடைமைக்காரர் பக்கம் திருப்பிவிட்டுத் தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "நீங்க பாத்துச் சொல்லுங்க, சரியா இருக்கான்னு." எத்தனையோ பேருடைய கடிதங்களும் கணக்குகளும் அந்த வீட்டு வழியாகப் போயின. ஒன்றைப் பற்றியும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒரு முறை அச்சாபீஸ்காரர் ஒருவர் வந்தார். ஊரில் பாதிக் கல்யாணப் பத்திரிகை அவரிடம்தான் அடிப்பார்கள். வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் உயிர் பெறவே மாட்டேன் என்றது. நான்தான் அவரைக் கூட்டிப்போனேன்.

"எல்லாமே வேணும் தாயி. ஒண்ணு விட்டுப்போனாலும் சட்டையப் பிடிப்பாங்க."

"சரி. ஒண்ணே ஒண்ணுதான் வரும்னா, எது?"

"என்ன தாயி வெளையாடுறியா? மதுரைக்குக் கொண்டுபோறேன்."

"கொண்டுபோங்க. அங்க போறதுக்குள்ளயாவது யோசிச்சு வைங்க."

அவர் எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கா உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். பாதி டம்ளர் குடித்த பிறகு அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க அண்ணன் படம் ஒண்ணு இருக்கு. செத்ததுக்குப் போஸ்டர் அடிக்கணும்னு மதுரையில கொடுத்து ஏத்துனது. வீட்டுல இருந்த அசல் படத்தைக் கரையான் தின்னுருச்சு. அவரு மூஞ்சி இதுல மட்டும்தான் இருக்கு."

அக்கா அப்போதுதான் போர்வையைப் பிரித்தார். அரை மணி நேரத்தில் அந்தப் படம் ஒரு ஃப்ளாப்பியில் ஏறிவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பினார். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியே எதிர்வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்றதெல்லாமும் வந்துவிட்டது. உள்ளே ஒரு கேபிள் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அவர் போனதும் நான் கேட்டேன்.

"ஏக்கா, கேபிளு லூசா இருந்ததுக்கா அந்த மனுசனை அழ வச்சீங்க?"

"கேபிளுன்னு தெறந்து பாத்த பெறகுதானத்தா தெரிஞ்சது. தெறக்கும்போதே உசுரு போற டிஸ்க்கும் இருக்கு. அப்ப வந்து யோசிக்க முடியாது."

இந்தக் குணம் வேலையோடு நிற்கவில்லை. மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் இருந்த அவர் வீட்டுக்காரர் என்னிடம் சலித்துக்கொள்வார். "தலைவலிக்கு மாத்திரை கேட்டா, 'மொதல்ல தலைவலியா, மொதல்ல பசியா'ங்கா. சரி பசின்னு சோத்தைத் தின்னா, தலைவலி போயிருது. அதான் ஆத்திரமா வருது." மகளோ இன்னும் கறாராகச் சொல்வாள், "எங்கம்மாட்ட ரெண்டு கேட்டா ஒண்ணும் கெடைக்காது. ஒண்ணு கேட்டா ரெண்டும் கெடைக்கும்."

எங்கிருந்து வந்தது இந்தக் குணம் என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா ஒரு டி.வி.யின் முதுகுக்குள் தலையை விட்டிருந்தார். அங்கிருந்தே பதில் சொன்னார்.

"எங்க அய்யாவுக்கு மூணு எடத்துல காடு. ஒரு சோடி மாடு. மழை பேஞ்சா ஈரம் ரெண்டு நாளைக்குத்தான் நிக்கும். எந்தக் காட்டுல மொதல்ல ஏரைப் பூட்டுறதுன்னு மழை பேயுறதுக்கு முந்தியே முடிவு பண்ணி வச்சிருக்கணும். ஒரு வருசம் அய்யா மூணையும் விதைச்சிரலாம்னு அங்கிட்டு ஒரு பக்கம் இங்கிட்டு ஒரு பக்கமா ஓட்டுனாரு. ஒண்ணும் மொளைக்கல. அந்த வருசம் எங்க வீட்டுல எல்லாரும் கூலிக்கு வேலிக்கருவை வெட்டப் போனோம்." கையை மட்டும் வெளியே நீட்டி, "அந்தச் சால்டரிங் கம்பிய எடு" என்றார்.

அவரிடம் வந்த வேலைகளில் பெரியது கல்லூரி வாத்தியாருடையது. அதில் என் பங்கும் இருந்தது.

அவர் உள்ளூர்க் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். நாற்பது தாண்டியவர். திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்கள், ஊருணிகள் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஏழு வருஷமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். எந்த ஊருணிக்கு எந்த ஓடையிலிருந்து தண்ணீர் வருகிறது, அந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சிகள்தான் அவருக்கு அதெல்லாம் சொன்னவர்கள். அவர் கையெழுத்தை நான் கடையில் டைப் அடித்து ஃப்ளாப்பியில் கொடுப்பேன். சிங்கப்பூரிலிருந்த அவர் மச்சான் கொடுத்திருந்த கறுப்பு லேப்டாப்பில் அதை ஏற்றித் திருத்தங்கள் போட்டுக்கொள்வார்.

மச்சான் லீவில் வந்தபோது புது லேப்டாப் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று வாத்தியார் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் பழையது நின்றுவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் ஓடும். இருபது நிமிஷத்தில் சூடேறி உறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் உள்ளே பல்லியின் சத்தம்போல டிக் டிக் என்று வேறு கேட்டது. ஆய்வைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

முதல் மூன்று அத்தியாயங்கள் தாளில் இருந்தன. மீதி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.

"உங்க கடையில பழைய ஃப்ளாப்பி இருக்குமேம்மா" என்று அவர் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால், முகூர்த்த அவசரத்தில் ஃப்ளாப்பி தீர்ந்துபோய், பிஸ்கட் டின்னில் இருந்த அவருடையதை எல்லாம் நான் அழித்துப் பத்திரிகை வேலைக்குப் போட்டுவிட்டேன். அவரிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை அக்காவிடம் கூட்டிப்போனேன்.

தண்ணீர் கொடுத்த பிறகு அக்கா கேட்டார்.

"முடிவுரை" என்றார் வாத்தியார் உடனே. "அதுலதான் என் வாதமே இருக்கு. அது இல்லாம ஆய்வே இல்ல."

"சரி சார். வெயிலுக்கு முந்தி வேலையைத் தொடங்கணும். காலையில அஞ்சு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் இதைப் போடாதீக."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நாங்கள் போனபோது அக்கா பின்கட்டு அறையைத் தயார் செய்திருந்தார். சிமெண்டுத் தரையைக் கழுவி ஈரமாக விட்டிருந்தார். ஜன்னலில் நனைத்த சாக்கு தொங்கியது. அதற்கு நேரே டேபிள் ஃபேன். நடுவில் ஒரு பலகையில் பழைய லேப்டாப், அடிமூடி கழற்றி, நான்கு தீப்பெட்டிகளின் மேல் நின்றது. பக்கத்தில் புதியது. இரண்டையும் பிரிண்டர் மாட்டுகிற துளை வழியாக ஒரு கேபிளால் இணைத்திருந்தார். அந்த வழியில் ஃபைல்கள் எறும்பு ஊர்வதுபோலத்தான் போகும்.

அக்கா சுவிட்சில் விரலை வைத்தார். "முடிவுரைதான?"

வாத்தியார் பலகைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு நிமிஷம்மா." சுவரைப் பார்த்தார். "முடிவுரை நான் யோசிச்சது. பின்னிணைப்புல ஊருணிப் பட்டியல் இருக்கு. அது அவங்க சொன்னது. சொன்ன நீர்ப்பாய்ச்சிகள்ல நாலு பேரு இப்ப இல்ல. குறிப்பு நோட்டு மழையில நனைஞ்சு வீணாப் போச்சு. பட்டியலை எடுங்க."

"ஊருக்கு ஒரு ஃபைலுன்னு சொன்னீக. அது நெறைய நேரம் எடுக்கும். முடிவுரை கிடைக்காமலும் போகலாம். தெரிஞ்சுதான சொல்றீக?"

"தெரிஞ்சுதான்."

அக்கா சுவிட்சைப் போட்டார்.

முதல் இருபது நிமிஷத்தில் ஆறு ஊர் வந்தது. லேப்டாப் உறைந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடுத்தது. சில ஃபைல்கள் நான்கு தடவை கேட்டபிறகுதான் வந்தன. ஒவ்வொரு ஊர் வந்ததும் திரை வாத்தியார் பக்கம் திரும்பும், அவர் பெயரைப் படிப்பார், நான் தாளில் டிக் போடுவேன். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு மறுநாள் விடியலில் மறுபடி தொடங்கினோம். இரண்டாம் நாள் பட்டியல் முடிந்தது. நாலாம் அத்தியாயம் வந்தது. ஐந்தாம் அத்தியாயமும் வந்தது. முடிவுரையைத் தொட்டபோது அந்தப் பல்லிச் சத்தம் ஒரு முறை வேகமாகக் கேட்டு நின்றது. திரை கறுத்தது. மூன்றாம் நாள் காலை முழுவதும் அக்கா முயன்றார். பிறகு ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"போயிருச்சு சார்."

வாத்தியார் அமைதியான மனிதர். அன்று அவருக்குக் குரல் உயர்ந்தது.

"முதல்லயே அதை எடுத்திருந்தா பத்து நிமிஷத்துல வந்திருக்கும். நீங்க கேட்டுக் கேட்டுத்தான் என்னைய மாத்திச் சொல்ல வச்சீங்க. முடிவுரை மட்டுமே ரெண்டு வருஷ உழைப்பு."

அக்கா சுருட்டிய ஒயரைக் கீழே வைத்தார்.

"ஆமா சார். நான் கேட்டேன். நீங்க சொன்னீக."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் நான் வாத்தியாரிடம் ஃப்ளாப்பிகளைப் பற்றிச் சொன்னேன். நாலு நாளாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "அப்ப நாம மூணு பேருமே சேந்துதான் தொலைச்சிருக்கோம்" என்றார்.

அக்கா மோர் கொண்டுவந்தார். கூடவே மகளுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றும் பேனாவும். "இன்னும் ஆறு நாளு இருக்கு சார். இங்கயே ஒக்காந்து எழுதுங்க. இந்த அறை குளுந்து கெடக்கு."

மூன்று நாள் அவர் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து எழுதினார். நான் கடையைச் சாத்திவிட்டு, புது லேப்டாப்பில் அங்கேயே அடித்தேன். பட்டியல் பக்கத்தில் திறந்திருந்தது. ஒவ்வொரு பத்திக்கும் அவர் அதைத் திருப்பிப் பார்ப்பார். முன்பு முப்பது பக்கமாக இருந்த முடிவுரை இப்போது ஒன்பது பக்கத்தில் முடிந்துவிட்டது. "அப்ப என்னத்தை இவ்வளவு எழுதினேன்னே தெரியல" என்றார். இந்தத் தடவை நான் நாலு ஃப்ளாப்பியில் ஏற்றி, ஒன்றை அவர் வீட்டிலும், ஒன்றை அக்கா வீட்டிலும், இரண்டை என் சேலைகளுக்கு நடுவிலும் வைத்தேன்.

குறித்த நாளுக்கு முந்தின நாள் ஆய்வைக் கொடுத்தார். பட்டம் வந்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள். அக்காவுக்கு ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் ஆடி மாதம் பரளச்சிக்குக் கிழக்கேயிருந்து நாலைந்து பேர் என் கடைக்கு வந்தார்கள். அவர்கள் ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலை யாரோ மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டிருந்தார்கள். ஊரிலிருந்த பெரியவர்கள் வாய்க்கால் இருந்தது என்றார்கள். எங்கே என்று காட்டத் தெரிந்த நீர்ப்பாய்ச்சி செத்துப்போயிருந்தார். எழுதிக்கொண்டு போன வாத்தியார் ஒருவர் உண்டு என்று யாருக்கோ ஞாபகம் வந்து, அவருக்கு டைப் அடித்த என் கடையை விசாரித்து வந்திருந்தார்கள்.

வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினேன். அந்த ஊரின் பக்கத்தை எடுத்தோம். வாய்க்காலின் பெயர், தொடங்குகிற ஓடை, நடுவில் புதைந்திருக்கும் கல் மடை, பக்கத்துப் பனைகள், அதைச் சொன்னவர் பெயர், எல்லாம் இருந்தது. வந்தவர்களில் இளவட்டம் ஒருவர் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். "எங்க தாத்தா" என்றார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரிகள் வந்து பார்க்க ஒரு மாதமானது. தாளில் சொன்ன இடத்தில் தோண்டியதும் கல் மடை கிடைத்தது. ஊரே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலை வெட்டி முடித்தது.

ஐப்பசியில் பரளச்சிக்குக் கிழக்கே மட்டும் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் வாத்தியார் அக்காவையும் என்னையும் பஸ்ஸில் அந்த ஊருக்குக் கூட்டிப்போனார். ஊருணி கரைக்குச் சமமாக நிறைந்து, கரிசல் மண் கலங்கலாகத் ததும்பிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வழியே தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு இறங்கி நின்றார். குடத்தோடு வந்த ஒரு பெண், "நீங்க யாரு, என்ன சோலியா வந்திருக்கீக?" என்று கேட்டார். வாத்தியார், "இந்தம்மாதான் அந்தப் பட்டியலை..." என்று தொடங்கினார்.

"தண்ணி பாக்க வந்தோம்த்தா" என்றார் அக்கா குறுக்கே. "எனக்கும் இந்தப் பக்கம்தான்."

வாத்தியாரை ஊர்க்காரர்கள் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் மெயின் ரோட்டுக்குப் போகக் குறுக்கே காட்டு வழியாக நடந்தோம். கரிசல் மண் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. செருப்பு ஒவ்வொன்றும் அம்மிக் கனம் கனத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம். இரண்டு இடத்தில் நான் விழப்போனேன். மூன்றாவது இடத்தில் அக்காவே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறியபோது இருவருக்கும் முழங்கால்வரை கறுப்புச் சேறு. பஸ்ஸை அசிங்கம் பண்ணுகிறோம் என்று கண்டக்டர் திட்டுவார் என நினைத்தேன். அவர் எங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"எந்த ஊர்லம்மா இம்புட்டு மழை?"

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அந்த மழைச் சேற்றை எட்டிப் பார்த்தார்கள். அக்கா சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நடைபாதையில் இரண்டு காலையும் நீட்டி வைத்தார்.